அணைக்க மறந்த இண்டிகேட்டர்: காதுக்குச் சொல்வதா, கண்ணுக்குக் காட்டுவதா?

பின்னால் வருகிற வண்டிகளுக்கெல்லாம் நம் இண்டிகேட்டர் எரிவது தெரிகிறது. எதிரே வருகிறவர்களுக்கும் தெரிகிறது. உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற நமக்குத்தான் தெரிவதில்லை. எழுபது வயதைத் தாண்டியதும் என் அப்பாவுக்கு இது அடிக்கடி நடக்க ஆரம்பித்தது. தடம் மாற இண்டிகேட்டர் போடுவார், மாறிவிடுவார், அது பாட்டுக்கு மின்னிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் "இண்டிகேட்டர்ப்பா" என்றால், "சத்தமே கேக்கலையேடா" என்பார். எனக்கோ அந்த டிக் டிக் மண்டைக்குள் அடித்துக்கொண்டிருக்கும்.

இண்டிகேட்டர் போடாமல் திரும்புகிறவர் மேல் மற்றவர்களுக்கு எரிச்சல் வரும், ஆனாலும் உஷாராகிவிடுவார்கள். போட்டுவிட்டு அணைக்காதவர் விஷயம் வேறு. குறுக்குச் சாலையில் காத்திருப்பவர், "இவர் இங்கேதான் திரும்பப்போகிறார்" என்று நம்பி வண்டியை வெளியே எடுக்கிறார். நாமோ நேராகப் போகிறோம். இந்த நம்பிக்கைதான் மோதலில் முடிகிறது.

இதற்குத் தீர்வு தேடினால் வழிகள் நிறைய இருக்கின்றன: சத்தமான ரிலே, பஸ்ஸர், கூடுதல் விளக்கு, நேரம் பார்த்து மணி அடிக்கும் கருவி, மூன்று முறை மின்னித் தானே நிற்கும் வசதி. எதை எடுப்பது என்பதில் நான் தடுமாறி, தவறான ஒன்றை முதலில் மாட்டி, பிறகு கழற்றினேன். அதனால் இந்த ஒப்பீட்டை நடுநிலையாக எழுதப்போவதில்லை.

டிக் டிக் எங்கிருந்து வருகிறது

பழைய கார்களில் அந்தச் சத்தம் யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. இண்டிகேட்டர் மின்சாரத்தை விட்டு விட்டுத் தருவது ஃபிளாஷர் ரிலே. ஆரம்ப காலத்து ஃபிளாஷரில் ஒரு இரட்டை உலோகத் தகடு சூடாகி வளையும், ஆறி நிமிரும். அது தொட்டு விலகுகிற சத்தம்தான் டிக் டிக். பிறகு வந்த எலக்ட்ரானிக் ஃபிளாஷரிலும் உள்ளே ரிலே, அதாவது மின்காந்தம் இழுத்துத் தட்டும் ஒரு ஸ்விட்ச், இருந்ததால் சத்தம் தொடர்ந்தது. இப்போதைய கார்கள் பலவற்றில் அந்த ரிலேயே கிடையாது. பல்பை எரிப்பது பாடி கண்ட்ரோல் கம்ப்யூட்டர். நாம் கேட்பது மீட்டர் போர்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரோ, காரின் ஆடியோ சிஸ்டமோ எழுப்பும் போலி டிக் டிக். போலி என்பதால் நிறுவனம் விரும்பியபடி அதை மென்மையாக்கலாம். பல நிறுவனங்கள் அப்படித்தான் செய்திருக்கின்றன. பஞ்சு மேல் விழுந்த சொட்டு மாதிரி ஒரு "தொக் தொக்".

விதிகளும் இதில் ரொம்பக் கறாராக இல்லை. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 48ஆம் எண் வாகன விதி, இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 90 முறை, 30 கூடவோ குறையவோ, மின்ன வேண்டும் என்கிறது. அது வேலை செய்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தத் தெரிவிப்பு ஒளியாக இருக்கலாம், ஒலியாக இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். அதாவது மீட்டர் போர்டில் ஒரு பச்சை அம்பு மின்னினாலே கடமை முடிந்தது. அந்த அம்பை ஸ்டீயரிங் வளையம் மறைக்கிறதா, உங்கள் காது எவ்வளவு கேட்கும் என்பதெல்லாம் உங்கள் பாடு.

எதையும் வாங்குவதற்கு முன்

திரும்பி முடித்ததும் இண்டிகேட்டர் லீவர் தானாகக் கட் ஆகிறதா என்று முதலில் பாருங்கள். மின்னும் இண்டிகேட்டரை 1939இல் கொண்டுவந்த ப்யூக் கார்கள், அடுத்த ஆண்டே திரும்பி முடித்ததும் தானாக அணையும் அமைப்பையும் சேர்த்துவிட்டன. மறதி என்பது இண்டிகேட்டரோடு கூடப் பிறந்தது என்று ஒரே வருடத்தில் புரிந்திருக்கிறது. அந்த அமைப்பின் அடிப்படை இன்றும் பல கார்களில் மாறவில்லை: ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுற்றும் ஒரு பிளாஸ்டிக் வளையம், லீவருக்கு அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு நாக்கு. ஸ்டீயரிங் திரும்பி வரும்போது வளையத்தின் முனை நாக்கைத் தட்டி லீவரை நடுவுக்குத் தள்ளும்.

சோதிப்பது சுலபம். ஆளில்லாத திறந்த இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, இடது இண்டிகேட்டரைப் போட்டு, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் அரைச் சுற்று திருப்பி மெதுவாக நேராக்குங்கள். பிறகு வலது. ஒரு பக்கம் கட் ஆகி மறுபக்கம் ஆகாவிட்டால், நாக்கு தேய்ந்திருக்கலாம். அல்லது எப்போதோ ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டியபோது வளையம் சரியான நிலையில் உட்காராமல் போயிருக்கலாம். லீவர் சேர்ந்த காம்பினேஷன் ஸ்விட்சை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் ஏர்பேக் உள்ள காரில் இதை வீட்டில் செய்யக் கூடாது. ஸ்டீயரிங்கைக் கழற்றுவது வெடிமருந்து உள்ள ஒரு பொருளைக் கழற்றுவதற்குச் சமம். பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இது சரியாக இருந்தாலும் பிரச்சினை முழுதாகத் தீராது. தடம் மாறும்போது ஸ்டீயரிங் சில டிகிரிதான் திரும்புகிறது. வளையத்தின் முனை நாக்கை எட்டுவதே இல்லை. மறந்த இண்டிகேட்டர் பெரும்பாலும் பிறப்பது இங்கேதான், தெருமுனைத் திருப்பத்தில் அல்ல.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சில கார்களின் திரையில், செட்டிங் பக்கத்துக்குள், இண்டிகேட்டர் சத்தத்தையோ எச்சரிக்கை மணியின் அளவையோ கூட்டும் வசதி ஒளிந்திருக்கும். காசு செலவில்லாத தீர்வு என்பதால் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

சத்தத்தைக் கூட்டுவது

பழைய காராக இருந்தால், தனி ஃபிளாஷர் ரிலே உள்ளதாக இருந்தால், அதையே சத்தமானதாக மாற்றலாம். மூன்று பின் கொண்ட ரிலேயில் 49, 49ஏ, 31 என்று எண்கள் இருந்தால் அது ஜெர்மன் முறை: 49இல் மின்சாரம் உள்ளே, 49ஏ வழியாக விளக்குகளுக்கு, 31 எர்த். பின்கள் பொருந்துகின்றனவா, உங்கள் பல்புகளின் வாட்டேஜைத் தாங்குமா என்று பார்த்து வாங்கினால் ஐந்து நிமிட வேலை. சாதாரணமாக ஒரு பக்கத்துக்கு முன்னே 21 வாட், பின்னே 21 வாட், பக்கவாட்டில் 5 வாட், ஆக 47 வாட். 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 4 ஆம்பியர்.

மாற்றாமலேயே சத்தத்தைக் கூட்டவும் வழி உண்டு. ரிலே பெரும்பாலும் டாஷ்போர்டின் ஆழத்தில், பஞ்சு சுற்றியோ தடித்த பிளாஸ்டிக்குக்குப் பின்னாலோ இருக்கும். ஒயர் நீளம் அனுமதித்தால் அதை வெளியே இழுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள மெல்லிய பேனலில் திருகிவிடுங்கள். வீணைக்குக் குடம் எப்படியோ அப்படி, ரிலேக்கு அந்தப் பேனல். அதே டிக் டிக் இரண்டு மடங்காகக் கேட்கும்.

புதிய காரில் தனி ரிலே இல்லையே என்றால், ஒன்றைச் சேர்த்துவிடலாம். சாதாரண 12 வோல்ட் ரிலே ஒன்றின் காயிலை, அதாவது உள்ளே இருக்கும் மின்காந்தச் சுருளை, மட்டும் இண்டிகேட்டர் ஒயரிலிருந்து இயக்கி, மற்ற பின்களை வெறுமனே விட்டுவிட்டால், அது தட்டிக்கொண்டு மட்டும் இருக்கும். வேறு வேலை கிடையாது. காயிலின் இரு முனைகளுக்கும் குறுக்கே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு போட வேண்டும்; இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை அணையும்போதும் எழும் மின்னழுத்தத் துள்ளல் காரின் எலக்ட்ரானிக்ஸைத் தொடும். எனக்கு இந்த வழி பிடிக்கும். காரணம், அந்தச் சத்தம் இண்டிகேட்டர் சத்தமாகவே இருக்கிறது. காரில் ஏறுகிற எவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நான் முதலில் மாட்டியது பஸ்ஸர்.

பஸ்ஸரின் கதை

கைவிரல் நகம் அளவுக்கு இருக்கும் பியசோ பஸ்ஸர், மின்சாரம் பட்டால் அதிரும் சின்னத் தகடு வைத்தது. இரண்டு ஒயர். பெருமையோடு மாட்டிவிட்டு அப்பாவை உட்காரவைத்தேன். எனக்குக் காது கூசியது. அவர் கேட்டார்: "போட்டுட்டியா?"

வயதாகும்போது காது எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் இழப்பதில்லை. முதலில் போவது கீச்சுக் குரல்கள், அதாவது அதிக அதிர்வெண்கள். பியசோ பஸ்ஸர்களோ பெரும்பாலும் 2,500 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் கத்துபவை. எந்த அலைவரிசையில் அப்பாவின் காது அடைத்திருக்கிறதோ சரியாக அதிலேயே நான் ஊதியிருக்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். சங்காக இருந்திருந்தால்கூட அவருக்குக் கேட்டிருக்கும். சங்கின் ஒலி தாழ்ந்தது.

தீ எச்சரிக்கைக் கருவி செய்பவர்கள் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்கள். 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிக் கத்தும் கருவிகள் காது மந்தமான முதியவர்களை எழுப்பவில்லை என்று தெரிந்த பிறகு, அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 72 விதித்தொகுப்பு தூங்கும் அறைகளுக்கு 520 ஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொண்டுவந்தது. சதுர அலை என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 520 ஹெர்ட்ஸ் சதுர அலைக்குள் அதன் மூன்று மடங்கான 1,560, ஐந்து மடங்கான 2,600 என்று மேலே மேலே துணை ஒலிகளும் ஒளிந்திருக்கும். காது ஒன்றைத் தவறவிட்டாலும் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும்.

காருக்குள் ஒரு சிக்கல் கூடுதல். டயர் இரைச்சலும் எஞ்சின் உறுமலும் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் அதிகம். ரொம்பத் தாழ்ந்த ஒலியை வைத்தால் சாலை இரைச்சல் அதை விழுங்கிவிடும். ரொம்ப உயர்ந்ததை வைத்தால் வயது விழுங்கிவிடும். 500 ஹெர்ட்ஸில் தொடங்கிப் பல மடங்கு ஒலிகளும் கலந்து வரும் கரகரப்பான சத்தம்தான் இரண்டுக்கும் நடுவே தப்பிக்கிறது. பழைய மாதிரி இரும்புத் தகடு அதிரும் மெக்கானிக்கல் பஸ்ஸர் கிட்டத்தட்ட 400 ஹெர்ட்ஸில் கரகரக்கும். பியசோவைவிட அது எவ்வளவோ மேல். ரிலேயின் டிக்கும் அப்படித்தான், எல்லா அதிர்வெண்களும் கலந்த ஒரு தட்டல்.

பஸ்ஸரை இணைக்கும்போது பலர் செய்யும் தவறு, இடது ஒயரையும் வலது ஒயரையும் நேரடியாக ஒன்றாக முறுக்கிவிடுவது. அப்படிச் செய்தால் எந்தப் பக்கம் போட்டாலும் நான்கு மூலையும் மின்னும். இரண்டு ஒயருக்கும் தனித்தனியாக ஒரு டையோடு போட்டு, அதற்குப் பிறகுதான் பஸ்ஸரின் பாசிட்டிவில் சேர்க்க வேண்டும். நெகட்டிவ் எர்த்துக்கு. நடுவில் 1 ஆம்பியர் ஃப்யூஸ்.

இப்படி மாட்டியதும் இரண்டு தொல்லைகள் தெரியவரும். ஒன்று, சிவப்பு சிக்னலில் நிற்கும்போது முழு நேரமும் கத்தும். இதற்கு லாரி எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் ஒரு கைவேலை உண்டு: நெகட்டிவை எர்த்துக்குக் கொடுக்காமல் பிரேக் விளக்கு ஒயரில் கொடுத்துவிடுவது. பிரேக் மிதிக்காதபோது பிரேக் பல்பின் இழை வழியாக எர்த் கிடைக்கிறது, பஸ்ஸர் ஒலிக்கிறது. பிரேக்கில் கால் வைத்து நிற்கும்போது அந்த ஒயரிலும் 12 வோல்ட் வந்துவிடுவதால் பஸ்ஸரின் இரு பக்கமும் ஒரே அழுத்தம், வாய் மூடிக்கொள்கிறது. அணைக்க மறந்து ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பிரேக்கில் கால் இருக்காது, பஸ்ஸர் தேவைப்படுவதும் அப்போதுதான். யார் முதலில் யோசித்தார்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு.

இரண்டாவது தொல்லை, ஹஸார்டு, அதாவது நான்கு மூலையும் ஒன்றாக மின்னும் ஆபத்து விளக்கு, போட்டால் கத்துவது. அது தாங்காது என்றால் பஸ்ஸரை எர்த்துக்கே கொடுக்காமல், இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவில் நான்கு டையோடு கொண்ட பிரிட்ஜ் வழியாகக் கட்டலாம். இடது எரியும்போது வலது பல்பின் இழை எர்த்தாகிவிடும். வலது எரியும்போது இடது. ஹஸார்டில் இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறி இறங்குவதால் நடுவில் அழுத்த வேறுபாடு இல்லை, சத்தமும் இல்லை. பஸ்ஸர் இழுக்கும் சில மில்லி ஆம்பியருக்கு எதிர்ப்பக்க பல்பு எரியாது.

இந்த இரண்டு வித்தைகளும் இழை பல்புக்கு மட்டுமே. எல்இடி விளக்கு உள்ள காரில் அது எர்த்தாக வேலை செய்யாது. ஒரு ரிலே சேர்க்க வேண்டும். கம்ப்யூட்டர் வழியாக விளக்கெரியும் கார்களில் இன்னொரு வினோதமும் உண்டு. பல்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அந்தக் கம்ப்யூட்டர் அவ்வப்போது மிகச் சிறிய மின்துடிப்புகளை அனுப்பும். பஸ்ஸர் காரணமில்லாமல் "ட்ட்" என்று முனகினால் பேய் பிசாசு இல்லை, அதுதான்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும்

கரகரப்பான பஸ்ஸரை மாட்டி, பிரேக் வித்தையும் செய்து முடித்த பிறகு முதல் சில வாரங்கள் அருமையாக ஓடின. பிறகு அப்பா மறுபடியும் அணைக்க மறந்தார். காது கேட்டது, மனம் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரம் அடிப்பது வீட்டுக்காரருக்குக் கேட்காது, விருந்தாளிக்குத்தான் தூக்கம் போகும் என்பது போல.

ஒவ்வொரு முறையும், சரியாகத் திரும்பும்போதும்கூட, கத்துகிற ஒரு சத்தம் எச்சரிக்கை ஆகாது. அது வெறும் பின்னணி. சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் இதுதான் கதி. கூடவே வருகிறவர்கள் வேறு சாபம் விடுவார்கள். ஆகவே வெறும் சத்தத்தைக் கூட்டுவது காது மந்தத்துக்கு மருந்து, மறதிக்கு மருந்தல்ல. கடைக்குப் போகும் முன் இந்த இரண்டில் எது உங்களுடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துகொள்ள வழி: வண்டி நின்றிருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவரை லீவரைத் தொடச் சொல்லுங்கள். டிக் டிக் கேட்டால் காது நன்றாக இருக்கிறது. அப்போது உங்களுக்கு வேண்டியது பஸ்ஸர் அல்ல.

கண்ணுக்குக் காட்டுவது

கையை முழுதாக நீட்டிக் கட்டை விரலைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம், சுமார் 2 டிகிரி, அவ்வளவுதான் ஒரே நேரத்தில் நம் கண் கூர்மையாகப் பார்க்கும் பரப்பு. மற்றதெல்லாம் ஓரப் பார்வை. ஓரப் பார்வைக்கு எழுத்தோ அம்பின் வடிவமோ தெரியாது. மின்னுவது தெரியும், நகர்வது தெரியும். ஆகவே மின்னும் விளக்கு பொருத்தமான ஆயுதம்தான். அதை ஸ்டீயரிங்குக்குப் பின்னால், கண்ணுக்கு வெகு கீழே, பத்து விளக்குகளுக்கு நடுவே வைத்ததுதான் தப்பு. போதாக்குறைக்கு போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டால் சில எல்சிடி மீட்டர் போர்டுகள் கோணத்தைப் பொறுத்து மங்கியும் போகும்.

மீட்டர் போர்டு பல்பை மட்டும் பிரகாசமானதாக மாற்றுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பகலில் போதாது, இரவில் கண்ணைக் குத்தும், புதிய கார்களில் மாற்றவும் முடியாது.

இடத்தை மாற்றுவதில்தான் பலன். 1960களிலும் 70களிலும் வந்த கிறைஸ்லர், காடிலாக் போன்ற சில அமெரிக்கக் கார்களில், முன் சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டரின் நுனியில் ஓட்டுநரைப் பார்த்தபடி ஒரு குட்டி விளக்கு இருக்கும். இடது இண்டிகேட்டர் போட்டால் இடது ஃபெண்டரின் நுனி மின்னும். சாலையைப் பார்க்கும் கண்ணுக்கு நேரே அது இருந்தது. காடிலாக்கில் ஒளியிழை வழியாகவே பல்பின் வெளிச்சத்தை அங்கே கொண்டுவந்தார்கள். இண்டிகேட்டரை ஓட்டுநருக்குக் காட்ட இதைவிட நல்ல யோசனை பிறகு வரவில்லை என்பது என் கருத்து. பானெட்டுகள் தாழ்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போனதும் அதுவும் போய்விட்டது.

அதையே டாஷ்போர்டின் மேல் செய்துகொள்ளலாம். முன் கண்ணாடிக்கு அடியில், இடது ஓரத்தில் ஒரு பச்சை எல்இடி, வலது ஓரத்தில் ஒன்று. பச்சைதான், இண்டிகேட்டர் அறிவிப்புக்கு உலகெங்கும் அதுதான் நிறம், சிவப்பை வைத்தால் வேறு ஏதோ கோளாறு என்று நெஞ்சு பதறும். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தொடும். 1,000 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டால் எல்இடிக்கு 12 மில்லி ஆம்பியர் போல் போகும். நல்ல எல்இடிக்கு அது தாராளம். இரவில் முன் கண்ணாடியில் பிரதிபலித்தால் 2,200 ஓமுக்கு மாறுங்கள், அல்லது கறுப்புக் குழாய்த் துண்டு ஒன்றை மேலே செருகி வெளிச்சம் உங்கள் பக்கம் மட்டும் வரும்படி செய்யுங்கள். நான் பேனா மூடியின் ஒரு துண்டைப் பயன்படுத்தினேன்.

முன் கண்ணாடியின் பக்கத் தூணில் ஒட்டினால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று தோன்றும். அங்கே கர்ட்டன் ஏர்பேக் இருக்கக்கூடும். அதன் குறுக்கே ஒயர் ஓட்டவும் கூடாது, மேலே எதையும் ஒட்டவும் கூடாது. டாஷ்போர்டில் பயணி ஏர்பேக்கின் மூடிக்கும் அதே விதி.

ஒளியிலும் பழகிப்போகும் வியாதி உண்டு, ஆனால் ஒலியைவிடக் குறைவு. அதோடு கூட வருகிறவர்களுக்குத் தொல்லை இல்லை, பாட்டு கேட்பதற்கு இடைஞ்சல் இல்லை. காது சுத்தமாகக் கேட்காதவருக்கு இது ஒன்றுதான் முழுத் தீர்வு. குறை என்றால் எதிர்வெயில். சூரியன் நேரே முகத்தில் அடிக்கும் அந்த நேரத்தில் எந்த எல்இடியும் தோற்றுவிடும்.

பொறுத்திருந்து சொல்வது

இந்த வகைதான் மறதிக்கு நேர் மருந்து. சாதாரணமாகத் திரும்பும்போது மௌனம். இண்டிகேட்டர் அளவுக்கு மீறி ஓடினால் மட்டும் மணி. எப்போதாவது மட்டும் பேசுகிறவர் பேச்சுக்குத்தான் வீட்டில் மதிப்பு.

ஜெனரல் மோட்டார்ஸின் பல மாடல்களில் இது நிறுவனமே தந்தது: சுமார் 1.2 கிலோமீட்டருக்கு மேல் இண்டிகேட்டர் ஓடினால் மணி அடிக்கும். கவனியுங்கள், நேரம் அல்ல, தூரம். சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றாலும் தூரம் ஏறாது, மணி அடிக்காது. வெளியே வாங்கும் கருவிகளும் நாமே செய்யும் சர்க்யூட்டும் பெரும்பாலும் நேரத்தையோ மின்னல்களின் எண்ணிக்கையையோ பார்ப்பவை. நிமிடத்துக்கு 90 என்றால் 30 நொடிக்கு 45 மின்னல். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது அரை கிலோமீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் 800 மீட்டருக்கும் மேல். நெடுஞ்சாலைக்கு 20 நொடி போதும். ஆனால் 20 நொடி என்று வைத்தால் நெரிசலில் திரும்பக் காத்திருக்கும்போதெல்லாம் அடிக்கும். இங்கேதான் அந்தப் பிரேக் வித்தை மறுபடி கைகொடுக்கிறது: கருவியின் மணியை மட்டும் பிரேக் ஒயரோடு கட்டிவிட்டால், நிற்கும்போது மௌனம். ஏழையின் தூரமானி.

நீங்களே சர்க்யூட் செய்வதென்றால் ஒரு பொறியைக் கவனிக்க வேண்டும். இண்டிகேட்டர் ஒயரில் மின்சாரம் ஒவ்வொரு நொடிக்குள்ளும் ஒரு முறை அணைகிறது. சாதாரண டைமர் அதை "அணைத்துவிட்டார்" என்று எடுத்துக்கொண்டு பூஜ்யத்திலிருந்து மறுபடி எண்ணும், மணி ஒருபோதும் அடிக்காது. ஒன்றரை நொடிக்குக் குறைவான இடைவெளியை அணைப்பாக எண்ணாதபடி, மின்சாரத்தைச் சற்றுத் தேக்கிவைக்கும் ஒரு கபாசிட்டரோ, புரோகிராமில் இரண்டு வரியோ வேண்டும். மணியின் ஒலி மேலே சொன்ன கரகரப்பான தாழ்ந்த வகையாக இருக்கட்டும்.

மிச்சம் இருப்பவை

மூன்று முறை மின்னித் தானே நிற்கும் வசதி இப்போது பல கார்களில் இருக்கிறது. லீவரை லேசாகத் தட்டினால் போதும். தடம் மாறும் மறதியை அது வேரோடு பிடுங்குகிறது. உங்கள் காரில் இருந்தால், இவ்வளவு நாள் லீவரை முழுதாகத் தள்ளும் பழக்கத்தை விடுவதே சிறந்த தீர்வு. ஒரே உறுத்தல்: மூன்று மின்னல் என்பது 2 நொடி. 100 கிலோமீட்டர் வேகத்தில் 55 மீட்டர். பின்னால் வருபவர் புரிந்துகொள்வதற்குள் முடிந்துவிடும். செட்டிங்கில் ஐந்தாக்க முடிந்தால் ஆக்குங்கள்.

சில கார்களில் லீவர் போட்ட பிறகும் நடுவுக்கே திரும்பிவிடும். கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளும் வழியை அது பறித்துவிடுகிறது. பழைய லீவர் மேலேயோ கீழேயோ நின்று, விரல் பட்டாலே காட்டிக்கொடுத்துவிடும். அந்த வகைக் கார் வாங்குகிறவர் இதையும் கணக்கில் சேர்க்கலாம்.

இருக்கையிலோ லீவரிலோ அதிர்வு மோட்டார் வைப்பது காகிதத்தில் அழகு. சாலையின் அதிர்வில் கரைந்துபோகிறது. காரணம் புரியாத அதிர்வு ஓட்டுபவரைக் குழப்புகிறது. கேட்கவும் பார்க்கவும் வழியிருக்கும்போது இதற்குப் போக வேண்டாம்.

எதைச் செய்தாலும் வெளி விளக்குகளின் நிறத்தையும் மின்னும் வேகத்தையும் தொடாதீர்கள். அது மற்றவர்களோடு நாம் பேசும் மொழி. வாரண்டி இருக்கும் புதிய காரில் ஒயரை வெட்டி ஒட்டவும் வேண்டாம். அங்கே செட்டிங்கும் மூன்று மின்னல் பழக்கமும் போதுமா என்று முதலில் பாருங்கள்.

அப்படியானால் எது?

பழைய கார், நல்ல காது, சத்தம் மட்டும் மெல்லியது என்றால் ரிலேயை இடம் மாற்றுங்கள் அல்லது சத்தமானதாக்குங்கள். அதற்குமேல் செலவு தண்டம். நல்ல காது, ஆனாலும் மறக்கிறது என்றால் நேரம் பார்த்து அடிக்கும் மணி. காது மந்தம் என்றால் டாஷ்போர்டின் மேல் இரண்டு எல்இடி, கூடவே தாழ்ந்த ஒலி மணி. பியசோ பஸ்ஸரை யாருக்கும் நான் சொல்லமாட்டேன். இளையவர்களுக்கு அது எரிச்சல், முதியவர்களுக்கு அது மௌனம்.

அப்பாவின் காரில் இப்போது இருப்பது டாஷ்போர்டின் இரு ஓரத்தில் பேனா மூடி போட்ட எல்இடிகளும், 25 நொடி கழித்துக் கரகரக்கும் ஒரு மணியும். மணி மாதத்துக்கு ஒரு முறை அடித்தால் அதிகம், விளக்கிலேயே கவனித்துவிடுகிறார். போன வாரம் நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். தடம் மாறி வெகுதூரம் வந்த பிறகு அந்த மணி கரகரத்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "இண்டிகேட்டர்டா" என்றார்.